வாடகை பூட்ஸில் நகம் கருத்தால் பெரிய சைஸ் வாங்க வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். போன டிசம்பரில் ஜப்பானின் ஹொக்கைடோ போய் ஐந்து நாள் பனிச்சறுக்கு பழகினீர்கள். வாடகைக்கு எடுத்த பூட்ஸ் சைஸ் 28. இரண்டு கால் கட்டைவிரல் நகமும் கருத்து, அதில் ஒன்று பிப்ரவரியில் விழுந்தே போனது. பாதத்தின் மேல்பக்கம் மாலையானால் மரத்துப்போகும். வேலைக்குப் போடும் ஷூ யூகே 9, கால் அகலம். இந்த வருடமும் குடும்பத்தோடு போகிறீர்கள். இணையக் கடை ஒன்றில் 29 சைஸ் பூட்ஸ் பாதி விலைக்கு வருகிறது, ஞாயிற்றுக்கிழமையோடு தள்ளுபடி முடிகிறது, வாங்கலாமா என்கிறீர்கள். கேள்வி 29 பற்றியது போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது "என் கால் ஏன் வலித்தது" என்பதைத்தான். அது தெரியாமல் எந்த சைஸை வாங்கினாலும் இருட்டில் கை விட்டுத் துழாவுவது மாதிரிதான்.

என் யூகத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பூட்ஸ் சின்னதாக இருந்ததால் நகம் கருக்கவில்லை, பெரியதாக இருந்ததால்தான் கருத்தது. கேட்பதற்கு ஏறுக்குமாறாக இருக்கும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று சிங்கப்பூரில் ஷூவுக்குள் வைக்கும் இன்சோல்களைக் காலுக்கு அளந்து செய்வது என் தொழில். அதற்கு முன்னால் நான்கு குளிர்காலம் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனில் பனிச்சறுக்குக் கடையில் பூட்ஸ் பொருத்தும் வேலை பார்த்தேன். அந்த வேலைக்குப் போவதற்கு முந்தைய வருடம் என் முதல் சொந்த பூட்ஸை நானே ஒன்றரை சைஸ் பெரியதாக வாங்கினேன். கடையில் போட்டுப் பார்த்தபோது சோபாவில் உட்கார்ந்த மாதிரி சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டே மலையிலிருந்து இறங்கினேன்.

சாதாரண ஷூவில் கால் கொஞ்சம் முன்னும் பின்னும் போய் வரும், போகவும் வேண்டும். பனிச்சறுக்கு பூட்ஸில் அது கூடாது. வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஷெல், உள்ளே மெத்தென்ற லைனர். ஷெல்லின் பின்பக்கம் குதிகாலுக்கென்று ஒரு குழி இருக்கும். குதிகால் அந்தக் குழியில் பூட்டிய மாதிரி உட்கார வேண்டும், முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் சாய வேண்டும். பூட்ஸ் நீளமாக இருந்தால் குதிகால் அந்தக் குழியில் நிற்காது. ஒவ்வொரு திருப்பத்திலும் கால் முன்னால் வழுக்கிப்போய் விரல் பிளாஸ்டிக்கில் முட்டும். ஒரு நாளில் இப்படி எத்தனை நூறு முட்டல் என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு, புதிதாகப் பழகுகிறவர் சரிவைப் பார்த்துப் பயந்து பின்னால் சாய்வார், சாய்ந்தால் விரல்கள் முன்சுவரில் போய் இன்னும் அழுந்தும்.

இப்போது அவர் என்ன செய்வார்? கால் ஆடுகிறதே என்று பாதத்துக்கு மேலே இருக்கும் பக்கிள்களை, அதாவது பல்வரிசையில் மாட்டும் கொக்கிகளை, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவார். பாதத்தின் மேல்பக்கம் தோலுக்கு அடியிலேயே ஒரு இரத்தக்குழாய் ஓடுகிறது, கைவிரலை வைத்தால் துடிப்பது தெரியும். நரம்புகளும் அங்கேதான் போகின்றன. அதை நசுக்கினால் கால் மரக்கும், குளிரும். உங்கள் இரண்டு புகாரும், அதாவது முன்னால் நகம், மேலே மரத்துப்போதல், சேர்ந்தே வந்திருப்பதால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது. பூட்ஸ் நிஜமாகவே நீளம் குறைவாக இருந்தால் கதை வேறு மாதிரி இருக்கும். சறுக்கவே வேண்டாம், கடையில் எழுந்து நின்ற ஐந்து நிமிடத்தில் விரல் மடங்கி வலி ஆரம்பித்துவிடும், முட்டிக்காலை முன்னால் மடக்கினாலும் விடாது. உங்களுக்கு வலி எப்போது தொடங்கியது, குதிகால் உள்ளே எழும்பியதா, பக்கிளைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்தீர்களா என்பதையெல்லாம் நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். காலைப் பார்க்காமல் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. நகத்தை வெட்டாமல் போனாலும் இதே கதி நடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பெரிய சைஸ் வாங்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வளர்ற பிள்ளை என்று பள்ளிக்கூட ஷூவை ஒரு சைஸ் கூட்டி வாங்கி, முன்னால் பஞ்சு திணித்து அனுப்பிய அம்மாக்கள் வளர்த்த பிள்ளைகள்தானே நாம். இதற்கு நேர் எதிரான இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "இப்போ இறுக்கும், போடப் போட இளகிடும்". சிங்கப்பூரில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில், கொடுத்த பூட்ஸ் அப்படித்தான் இளகியது. 24 கிலோமீட்டர் நடை முடிவதற்குள் அது காலுக்குப் பணிந்துவிடும். பனிச்சறுக்கு பூட்ஸும் ஒரு காலத்தில் தோலில் செய்து கயிறு கட்டியதுதான். 1950களில் சுவிட்சர்லாந்தில் பக்கிள் வந்தது, 1960களில் அமெரிக்காவில் பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்தார். அதோடு இளகும் காலம் முடிந்தது. பிளாஸ்டிக் ஷெல் நீங்கள் போட்டு நடப்பதால் ஒரு மில்லிமீட்டர்கூட விரியாது. அமுங்குவது உள்ளே இருக்கும் லைனர் மட்டும்தான். சில நாள் சறுக்கலில் அது காலின் வடிவத்துக்கு ஒடுங்கி, பூட்ஸ் அரை சைஸ் கூடிவிட்ட மாதிரி ஆகும். ஆகவே கடையில் கச்சிதமாக இருப்பது நான்காம் நாள் சற்றுத் தளர்வாக இருக்கும், கடையில் தளர்வாக இருப்பது நான்காம் நாள் வாளியாகிவிடும்.

சரி, சைஸை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே யூகத்துக்கு இடமே இல்லை. பனிச்சறுக்கு பூட்ஸின் எண் மொண்டோபாயிண்ட் என்ற கணக்கில் வருகிறது, அது உங்கள் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். பாதம் 270 மில்லிமீட்டர் என்றால் சைஸ் 27, அவ்வளவுதான். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் அளங்கள். தரையில் ஒரு தாளைச் சுவரோடு ஒட்ட வைத்து, குதிகாலைச் சுவரில் முட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். குனிந்து நீங்களே குறிக்கக் கூடாது, குனிந்தால் எடை மாறிவிடும். வீட்டில் வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து எந்த விரல் நீளமோ அதன் நுனியில் கோடு போடட்டும். பலருக்கு நீளமானது கட்டைவிரல் அல்ல, பக்கத்து விரல். இரண்டு காலையும் அளங்கள். ஒன்று மற்றதைவிட ஐந்து மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் பதற வேண்டாம், அப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நம் ஆட்கள் அடிக்கடி விழுவது. ஓட்டப்பயிற்சி ஷூவின் நாக்கில் ஒட்டியிருக்கும் சீட்டில் சென்டிமீட்டர் என்று போட்டு ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்து "என் கால் 28" என்று சொல்லிவிடுவார்கள். அந்த எண் ஷூவின் சைஸ், பாதத்தின் நீளம் அல்ல. ஓடுகிற ஷூவில் விரலுக்கு முன்னால் இடம் விட்டுத்தான் செய்கிறார்கள், அந்த இடமும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. அட்டவணைகளும் இதே தப்பைச் செய்ய வைக்கும். யூகே 9 என்றால் 28 என்றுதான் பெரும்பாலான அட்டவணைகள் காட்டும். உங்களுக்குக் கடையில் 28 வந்தது அந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும். ஆனால் யூகே 9 போடுகிறவர்கள் காலை அளக்கும் என் பலகையில் ஏறி நின்றபோது 26.5, 27 என்று வந்தவர்கள்தான் அதிகம், 28 அபூர்வம். அகலமான காலுக்கு இடம் வேண்டி நீளத்தைக் கூட்டி வாங்கிப் பழகியவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது. நீங்கள் அந்த வகை என்று நினைக்கிறேன்.

எண் கிடைத்தபின் அதைச் சரிபார்க்க ஒரு சோதனை உண்டு. பூட்ஸ் வேலையில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். லைனரை ஷெல்லிலிருந்து உருவி எடுங்கள். புது பூட்ஸில் அது அடம்பிடிக்கும், குதிகால் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கி இழுத்தால் வரும். வெறும் ஷெல்லுக்குள் மெல்லிய சாக்ஸோடு காலை விட்டு, நீளமான விரல் முன்சுவரை லேசாகத் தொடும் வரை முன்னால் தள்ளி நில்லுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். இப்போது குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது? கடையில் இதற்கென்று மரக்குச்சி வைத்திருப்போம். உங்களுக்கு விரல் போதும். ஒரு விரல் தாராளமாக நுழைந்தால், அதாவது 15 முதல் 20 மில்லிமீட்டர், விடுமுறைக்குப் போய்ச் சறுக்குகிறவருக்கு அது சரியான அளவு. போட்டிக்காரர்கள் 10 மில்லிமீட்டருக்கும் கீழே போவார்கள், நமக்கு அது வேண்டாம். இரண்டு விரல் சேர்ந்து சுலபமாகப் போனால் பூட்ஸ் பெரியது, எவ்வளவு சுகமாக இருந்தாலும் சரி. பலர் இந்த இடத்தில் என் முகத்தை நம்பிக்கையில்லாமல் பார்ப்பார்கள். பிறகு குனிந்து அவர்களே விரலை விட்டுப் பார்ப்பார்கள்.

அரை சைஸ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான தயாரிப்புகளில் 27-க்கும் 27.5-க்கும் ஷெல் ஒன்றேதான், உள்ளே லைனரோ அடிப்பலகையோதான் மாறும். குதிகால் பக்கத்தில் ஷெல்லின் வெளியே அடிப்பாக நீளம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். இரண்டு பூட்ஸில் அந்த எண் ஒன்றாக இருந்தால் ஷெல்லும் ஒன்றுதான். ஆகவே 27 இறுக்குகிறது, 27.5 கொடுங்கள் என்று கேட்டு வாங்கினால் பல நேரம் அதே பூட்ஸைத்தான் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அகலத்துக்கு வருவோம். செருப்பிலேயே வளர்ந்த கால்களில் முன்பாதம் விரிந்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன், உங்கள் கால் அகலம் என்பதை மறுக்கவில்லை. பூட்ஸ்களை 98, 100, 102 மில்லிமீட்டர் என்று அகலத்தை வைத்துப் பிரித்துச் சொல்வார்கள். அது முன்பாதம் உட்காரும் இடத்தின் அகலம், வழக்கமாக 26.5 சைஸை வைத்துச் சொல்வது. சைஸ் கூடினால் அகலமும் கூடும், குறைந்தால் குறையும். உங்களுக்கு 102 வேண்டியிருக்கலாம், அதற்கும் மேலே போக வேண்டியிருக்கலாம். அகலத்துக்கு அகலமான பூட்ஸைத்தான் தேட வேண்டும், நீளமான பூட்ஸை அல்ல. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு ஒன்று மட்டும் இடித்தால் அந்த இடத்தைச் சூடாக்கி வெளிப்பக்கமாகப் பிதுக்கிவிடலாம், கணுக்கால் எலும்புக்கும் அப்படியே. தெரிந்த கைக்கு அது அரைமணி வேலை. இடிக்கிற ஷெல்லை இப்படி விரிக்க முடியும், பெரிய ஷெல்லைச் சுருக்க எந்தக் கருவியும் இல்லை. நான் சின்னதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான்.

பாதத்தின் மேல்பக்கம் உயரமாக இருக்கிறவர்களுக்கு, சரியான நீளத்திலும் மரத்துப்போகும். நீங்கள் அந்த வகையா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொன்று கணுக்கால். செருப்பில்லாமல், பாதங்களை இடுப்பகலத்தில் வைத்துக் குந்தி உட்காருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பினால் உங்கள் கணுக்கால் மடங்குவது குறைவு என்று பொருள். அப்படிப்பட்டவருக்கு எவ்வளவு கச்சிதமான பூட்ஸிலும் குதிகால் தூக்கும். அவருக்கு லைனருக்கு அடியில் குதிகால் பக்கம் ஒரு சின்ன ஆப்பு வைப்போம். கடையில் எத்தனையோ பேர் நாள் பூராவும் பூட்ஸ் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் இந்த ஐந்து மில்லிமீட்டர் ஆப்பில் சிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கெட்டித்தன்மைக்கு ஃப்ளெக்ஸ் என்று 60 முதல் 130 வரை ஓர் எண் போடுவார்கள். பழகும் நிலையில் ஆண்களுக்கு 80 முதல் 100, பெண்களுக்கு 60 முதல் 80 என்பது பொதுவான வழக்கு. உடல் எடை கூடினால் எண்ணும் கூட வேண்டும். நிறுவனங்களுக்குப் பொதுவான அளவுகோல் இதற்குக் கிடையாது, ஒருவரின் 90 இன்னொருவரின் 100 ஆக இருக்கும், அதனால் எண்ணை ரொம்பவும் நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் நிச்சயம்: பிளாஸ்டிக் குளிரில் கெட்டிப்படும். நம் ஊர் முப்பது டிகிரியில் வரவேற்பறையில் நின்று அழுத்திப் பார்த்து "நல்லா மடங்குதே" என்று நினைத்த பூட்ஸ், பூஜ்ஜியத்துக்குப் பத்து டிகிரி கீழே வேறு பூட்ஸாகிவிடும்.

சாக்ஸ் விஷயத்தில் நம்மவர்களோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. குளிர் என்றதும் இரண்டு சாக்ஸ், அதிலும் ஒன்று பருத்தி. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டாவது சாக்ஸ் மடிந்து தோலை அறுக்கும், இரண்டுமாகச் சேர்ந்து இரத்த ஓட்டத்தை நெரித்துக் காலை இன்னும் குளிரவைக்கும். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளிக் கலவை சாக்ஸ் ஒன்றே ஒன்று. உள்ளே போடும் வெப்ப உடையின் கால்பகுதியை பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், மேலேயே நிறுத்துங்கள்.

குடும்பத்தோடு போவதாகச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். குவீன்ஸ்டவுனில் ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. அந்த அக்கா என் பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க தமிழா?" என்று கேட்டுச் சந்தோஷமாக உட்கார்ந்தார். சாக்ஸுக்கு மேலேயே தெரிந்தது, இரண்டு காலிலும் மெட்டி. கழற்றிவிடுங்கள் அக்கா என்றேன். "இருபத்திரெண்டு வருஷமா கழற்றினதில்ல தம்பி" என்றார். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை, அது என் தப்பு. மதியம் திரும்பி வந்தார். விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு, ஐஸ் தண்ணீர் எல்லாம் போட்டும் அசையவில்லை. கடைசியில் வெள்ளிதானே என்று அவரே இரண்டு முனையையும் நகத்தால் பிரித்து விரித்து எடுத்தார். தாலிச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த ஊக்கில் இரண்டையும் கோத்துக்கொண்டு, "இங்கதான இருக்கு" என்று கணவரிடம் காட்டினார். மறுநாள் மூன்று மணி வரை மலையிலிருந்து இறங்கவில்லை என்று கேள்வி. மெட்டி, கொலுசு, கணுக்காலில் கட்டும் கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கவனித்துவிடுங்கள். பெண்களுக்கு ஆடுதசை கீழே தாழ்ந்து இருப்பதால் அவர்களுக்கான பூட்ஸின் கழுத்தும் தாழ்வாக வெட்டியிருக்கும். ஆண்கள் பூட்ஸைக் கொடுத்தால் கெண்டைக்காலைக் கவ்வும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

போடும் முறையிலும் பாதி வலி இருக்கிறது. பூட்ஸை இரவு வண்டியில் விட்டுவைக்காதீர்கள், குளிர்ந்த பிளாஸ்டிக் திறக்காது. எல்லா பக்கிளையும் அவிழ்த்து, நாக்கை வெளியே இழுத்து, காலை விட்டபின் குதிகாலைத் தரையில் இரண்டு மூன்று தடவை நன்றாகத் தட்டுங்கள். பிறகு முழங்காலை முன்னால் மடக்கியபடியே மேலே உள்ள பக்கிள்களை முதலில் போடுங்கள். அதுதான் குதிகாலைக் குழிக்குள் தள்ளும். அப்புறம்தான் கீழே உள்ளவை, அவை விழாமல் பிடித்திருந்தால் போதும், இறுக்க வேண்டியதில்லை. நேராக நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாக உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். இந்த உரசலைத்தான் பலர் "சின்னது" என்று நினைத்து பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பக்கிளின் கம்பியைக் கையால் திருகினால் நீளம் கொஞ்சம் கூடும், குறையும். ஒரு பல் தளர்வு, அடுத்த பல் இறுக்கம் என்றால் அதைத் திருகி நடுவில் கொண்டுவாருங்கள். வாடகைக் கடைகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

காலுக்கென்றே செய்த இன்சோல் வேண்டுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அதைச் செய்துதான் நான் பிழைக்கிறேன், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதம் உள்பக்கம் சரிகிறவர்களுக்கும், வளைவு தட்டையாகி பூட்ஸுக்குள் கால் நீள்கிறவர்களுக்கும் அது தெளிவாக உதவுகிறது. எல்லாருக்கும் கட்டாயம் என்று சில கடைகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சைஸ் தப்பான பூட்ஸுக்குள் எவ்வளவு நல்ல இன்சோலை வைத்தாலும் காசு கரியாகும். சர்க்கரை நோய் இருந்து, காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்றால் இங்கே நான் சொன்ன எந்தச் சோதனையும் அவருக்குப் போதாது, ஏனென்றால் எல்லாமே வலியை நம்பி நிற்கின்றன. அப்படிப்பட்டவர் கிளம்புமுன் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) பாத மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சொந்தமா, வாடகையா? ஐந்து நாள் சறுக்க இந்த வருடமும் வாடகைக்கே எடுங்கள், ஆனால் வேறு மாதிரி எடுங்கள். காலை எட்டு மணிக் கூட்டத்தில் போகாமல் முந்தைய நாள் மாலையே போங்கள், அப்போதுதான் லைனரை உருவிப் பார்க்க விடுவார்கள். வாடகை பூட்ஸ் பொதுவாக அகலமாகவும் இளக்கமாகவும் இருக்கும், லைனர் பல கால்களில் அமுங்கியிருக்கும். அதனால் அளந்த எண்ணோடு அதற்கு ஒரு சைஸ் குறைந்ததையும் கேட்டுப் பாருங்கள். அடுத்த வருடமும் போவது உறுதி என்றால் சறுக்குப் பலகையை விட்டுவிட்டு பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்கலாம், நான் அதைத்தான் செய்வேன். ஆனால் பொருத்திக் கொடுக்கும் ஆள் இருக்கிற கடையில், இடித்தால் மறுநாள் திரும்பப் போகக்கூடிய தூரத்தில். ஜப்பான் போகிறவர்களுக்கு டோக்கியோவில் கண்டா ஓகவாமச்சி வட்டாரம் இதற்குப் பேர்போனது, பனிச்சறுக்குக் கடைகள் வரிசையாக இருக்கும். சொந்த பூட்ஸோடு போய்ப் பலகையை வாடகைக்கு எடுத்தால் அடிப்பாகம் என்ன வகை என்று கடையில் காட்டுங்கள். க்ரிப்வாக் என்ற வளைந்த அடிப்பாகம் எல்லா பைண்டிங்கிலும், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பூட்டிலும், பொருந்தாது. பைண்டிங் எந்த அழுத்தத்தில் காலை விட வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, சறுக்கும் விதம், பூட்ஸின் அடி நீளம் ஆகியவற்றை வைத்து அவர்கள்தான் அமைக்க வேண்டும். அங்கே எடையைக் குறைத்துச் சொல்லும் அக்காக்களும், "நான் நல்லாவே சறுக்குவேன்" என்று நிலையை உயர்த்திச் சொல்லும் அண்ணன்களும் உண்டு. இரண்டாவது வகைதான் எனக்குப் பயம். விழும்போது பைண்டிங் விடாவிட்டால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும்.

பிள்ளைகளுக்கு வாங்கவே வேண்டாம், வருடா வருடம் வாடகை. அவர்களுக்கும் அதே ஒரு விரல் கணக்குதான். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இங்கே பார்க்காதீர்கள்.

பழைய பூட்ஸ் கரோசெல் என்ற பழைய பொருள் விற்கும் செயலியில் மலிவாக வருகிறதே என்று யாராவது சொல்வார்கள். வாசலில் ஷூ அலமாரியில் ரொம்ப நாள் கிடந்த ஷூவை ஒரு நாள் எடுத்துப் போட்டால் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்வதை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? பாலியூரித்தேன் ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதைகிறது. பல பூட்ஸ்களின் ஷெல்லும் அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். பத்து வருடத்துக்கு மேல் சிங்கப்பூர் ஈரத்தில் கிடந்த ஜோடியை இலவசமாகக் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். உங்கள் சொந்த பூட்ஸை வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஊர் திரும்பியதும் லைனரை உருவி மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் காயவிட்டு, திரும்பப் போட்டு, வடிவம் கெடாமல் இருக்க பக்கிள்களைத் தளர்வாகப் பூட்டி வையுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டின் பாம் ஷெல்டரில், அதாவது வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையில், எல்லாச் சாமானையும் அடைத்து வைப்பதுதான் நம் வழக்கம், ஆனால் காற்றோட்டமில்லாத அந்த இடத்தில் லைனர் பூஞ்சை பிடித்து நாறும். அதற்குப் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டே நல்லது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைத் தள்ளுபடியை விட்டுவிடுங்கள். இன்று இரவே அந்தத் தாளைச் சுவரோரம் போட்டு அளந்து, இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று மில்லிமீட்டரில் எழுதுங்கள். முன்பாதத்தில் அகலமான இடத்தின் அளவையும் சேர்த்து எழுதினால் எந்த அகலத்தில் தேடலாம் என்று ஓரளவு சொல்ல முடியும். இரண்டில் எதுவாவது 280-ஐத் தாண்டினால் என் யூகம் தப்பு. அப்போது நீளம் குறைந்துதான் நகம் போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேறு பதில் எழுதுகிறேன்.